உணர்வு உறங்கும்போது உடலைக் காக்கும் சிகிச்சை



சாலை விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் ஒருவரைப் பற்றி வீட்டில் பேச்சு வருகிறது. "கண்ணைத் திறந்துட்டாராம்" என்று யாராவது சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதி. இனி எழுந்து உட்கார்ந்து பேச வேண்டியதுதான் பாக்கி என்று நினைப்போம். பல சமயம் அப்படியே நடக்கும். சில சமயம் நடக்காது. கண் திறந்திருக்கும், ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டார். கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்தமாட்டார். வாரங்கள், மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட இப்படியே கழியும்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கும் பிசியோதெரபி என்று நாம் சொல்லும் இயன்முறை சிகிச்சை தரப்படுகிறது. இங்கே ஒரு கேள்வி எழும். நாம் சொல்வதையே கேட்டு நடக்க முடியாதவருக்கு உடற்பயிற்சி எதற்கு? இதற்கு விடை தேட, நீங்கள் பள்ளியில் படிக்கும் உயிரியலும் இயற்பியலும் போதும்.

விழிப்பு வேறு, உணர்வு வேறு

மூளையின் அடிப்பகுதியில், முதுகுத் தண்டோடு சேரும் இடத்தில் மூளைத்தண்டு இருக்கிறது. அதற்குள் நரம்பணுக்களால் ஆன ஒரு வலைப்பின்னல் உண்டு. நாம் தூங்குவதையும் விழிப்பதையும் அதுதான் பெருமளவு நடத்துகிறது. 1949-ஆம் ஆண்டு மொருஸ்ஸி, மகூன் என்ற இரு அறிவியலாளர்கள் இந்த வலைப்பின்னலை மின்சாரத்தால் தூண்டியபோது, மயக்கத்தில் இருந்த விலங்கின் மூளை அலைகள் விழித்திருக்கும் விலங்கின் அலைகளைப் போல மாறியதைக் கண்டார்கள். இதை வீட்டின் மெயின் சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மெயின் சுவிட்ச் போட்டால் மட்டும் விளக்கு எரியாது. ஒவ்வோர் அறைக்கும் போகும் கம்பியும் நன்றாக இருக்க வேண்டும். "இது அம்மாவின் குரல்", "என் கை வலிக்கிறது" என்று அறிவதற்கு மூளையின் மேற்புறணியும், அதன் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகளும் வேலை செய்ய வேண்டும். விபத்தில் தலை வேகமாகக் குலுங்கும்போது இந்த இழைகள் அறுந்து போகலாம். மூளைக்குப் போகும் ஆக்சிஜன் சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் மேற்புறணியின் அணுக்கள் மடிந்துவிடும். மூளைத்தண்டு தப்பித்துக்கொண்டால் கண் திறக்கும், உணர்வு மட்டும் திரும்பாமல் இருக்கும்.

மருத்துவர்கள் இதை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது ஆழ்மயக்கம், அதாவது கோமா. கண் மூடியே இருக்கும். விழிப்பும் இல்லை, உணர்வும் இல்லை. இது பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை.

இரண்டாவது, விழித்திருந்தும் உணர்வில்லாத நிலை. கண் திறக்கும், மூடும். தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். கொட்டாவி விடுவார், பல்லைக் கடிப்பார், முனகுவார். ஆனால் எதையும் அறிந்து செய்வதற்கான அடையாளம் தெரியாது. 1972-இல் ஜென்னட், பிளம் என்ற இரு மருத்துவர்கள் இந்த நிலைக்குத் தனிப் பெயர் வைத்தார்கள்.

மூன்றாவது, குறைந்தபட்ச உணர்வு நிலை. இன்று சொன்னதைச் செய்வார், நாளை செய்யமாட்டார். ஒரு முகத்தைக் கண்ணால் தொடர்வார், சிறிது நேரத்தில் விட்டுவிடுவார். உணர்வு விட்டுவிட்டு வரும், ஆனால் உண்மையாகவே இருக்கும். 2002-ஆம் ஆண்டில்தான் இதற்கு முறையான வரையறை கிடைத்தது.

இந்த நிலைகள் 4 வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், அதை நீடித்த உணர்வுக் குறைபாடு என்கிறார்கள்.

42 ஆண்டுகள் ஒரே மருத்துவமனையில்

மும்பையில் நடந்த ஓர் உண்மைச் சம்பவம் இந்தப் பாடத்தை நன்கு விளக்கும். அருணா ஷான்பாக் மும்பையின் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் இளம் செவிலியராகப் பணியாற்றினார். 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் ஊழியர் ஒருவன் அவரைக் கொடூரமாகத் தாக்கி, நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்தான். மூளைக்குப் போக வேண்டிய இரத்தமும் ஆக்சிஜனும் தடைப்பட்டன. உயிர் தப்பினார், ஆனால் பழைய உணர்வு திரும்பவில்லை. 2015 மே 18 அன்று காலமாகும் வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அந்த மருத்துவமனையிலேயே இருந்தார். தலைமுறை தலைமுறையாக அங்குள்ள செவிலியர்கள் தங்களில் ஒருவராக அவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தலாமா என்ற வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மருத்துவமனை ஊழியர்கள் அதை எதிர்த்தார்கள். நாங்கள் தொடர்ந்து கவனித்துக்கொள்வோம் என்றார்கள். 2011 மார்ச் 7 அன்று மனு தள்ளுபடியானது. அந்த வழக்குக்காக நீதிமன்றம் அமைத்த 3 மருத்துவர்கள் கொண்ட குழு அவரைப் பரிசோதித்து அறிக்கை தந்தது. நம் பாடத்துக்கு வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

அவர் தோல் பொதுவாக நல்ல நிலையில் இருந்தது. படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை. முன்பு புண் வந்து ஆறியதற்கான தழும்பும் இல்லை. 37 ஆண்டுகள் படுக்கையில் இருந்தவருக்கு இது மிகப் பெரிய விஷயம். அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. அவருடைய மணிக்கட்டுகள் இரண்டும் உள்பக்கமாக மடங்கி, அப்படியே இறுகிப்போயிருந்தன. முழங்கால்களும் இறுகியிருந்தன. 2015-இல் அவர் உயிரைப் பறித்தது நிமோனியா என்னும் நுரையீரல் தொற்று.

தோல், மூட்டு, நுரையீரல். இந்த மூன்றும் உணர்வு திரும்பட்டும் என்று காத்திருப்பதில்லை. அசையாமல் கிடக்கும் முதல் வாரத்திலிருந்தே அவற்றில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. இயன்முறை சிகிச்சைக்கான முதல் காரணம் இதுதான்.

மூட்டு ஏன் இறுகுகிறது?

முதலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு பென்சிலைக் கையில் இறுக்கிப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் நண்பரை இழுக்கச் சொல்லுங்கள். எளிதில் வராது. இப்போது மணிக்கட்டை உள்பக்கமாக முடிந்த அளவு மடக்கிக்கொண்டு, அதே பென்சிலைப் பிடியுங்கள். நண்பர் இழுத்தால் சுலபமாக வந்துவிடும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அவை தளர்ந்துவிடும். விரல்களை நீட்டும் நாண்களோ இழுபட்டு, விரல்களை மூடவிடாமல் தடுக்கும்.

மணிக்கட்டு அப்படியே இறுகிவிட்ட ஒருவருக்கு ஒரு நாள் உணர்வு திரும்பினால் என்ன ஆகும்? கரண்டியைப் பிடிக்க மனம் சொல்லும், மூளை கட்டளை அனுப்பும், கையால் முடியாது.

இறுக்கம் இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழி நரம்பு. முழங்காலுக்குக் கீழே சிறிய சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதறுவதை அறிவியல் கூடத்தில் பார்த்திருப்பீர்கள். திடீரென இழுபட்ட தசை, முதுகுத் தண்டின் கட்டளையால் உடனே சுருங்குகிறது. வழக்கமாக மூளை இந்த அனிச்சைச் செயலை அளவோடு வைத்திருக்கும். மூளை காயப்பட்டால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, தசைகள் சிறு இழுப்புக்கும் பலமாகச் சுருங்கத் தொடங்கும். முழங்கை மடங்கும், விரல்கள் முட்டியாகும், பாதம் கீழ்நோக்கி வளையும்.

இரண்டாவது வழி தசையே மாறிப்போவது. தசையிழை என்பது மிகச் சிறிய தசைக்கூறுகள் வரிசையாகக் கோத்த சங்கிலி போன்றது. 1972-இல் வெளியான ஓர் ஆய்வில், பூனையின் கெண்டைக்கால் தசை ஒன்றைச் சுருங்கிய நிலையிலேயே 4 வாரம் மாவுக்கட்டில் வைத்தார்கள். அந்தத் தசையிழைகளில் தசைக்கூறுகளின் எண்ணிக்கை சுமார் 40 விழுக்காடு குறைந்துவிட்டது. எந்த நீளத்தில் வைக்கிறோமோ அந்த நீளத்துக்குத் தசை தன்னை மாற்றிக்கொள்கிறது. சங்கிலியில் வளையங்கள் குறைந்தால் சங்கிலியே குட்டையாகிவிடும் அல்லவா?

தோலுக்கு ஓர் இயற்பியல் கணக்கு

மலாயில் 'தெக்கானான்' என்று படித்த அழுத்தத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது.

மல்லாந்து படுத்திருப்பவரின் குதிகால் மெத்தையை 15 நியூட்டன் விசையோடு அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மெத்தையைத் தொடும் பரப்பு வெறும் 5 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.0005 சதுர மீட்டர். 15-ஐ 0.0005-ஆல் வகுத்தால் 30,000 பாஸ்கல். தோலில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களான தந்துகிகளுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம், ஏறக்குறைய 4,300 பாஸ்கல். வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதைப் போல 7 மடங்கு. தந்துகி நசுங்கிவிடும், அந்த இடத்துக்கு இரத்தம் போகாது.

நமக்கு இப்படி ஆனால் கால் மரத்துப்போகும், உடனே புரண்டு படுப்போம். தூக்கத்தில்கூட நாம் அறியாமலே புரள்கிறோம். உணர்வில்லாதவர் புரளமாட்டார். சில மணி நேரத்தில் தோலும் அதன் கீழுள்ள திசுவும் சாகத் தொடங்கும். அதுதான் படுக்கைப் புண்.

இப்போது அதே காலின் கெண்டைப்பகுதி முழுவதையும் தாங்கும்படி ஒரு தலையணையை வைத்து, குதிகாலை மெத்தையில் படாமல் விடுங்கள். 15 நியூட்டன் விசை இப்போது 300 சதுர சென்டிமீட்டரில், அதாவது 0.03 சதுர மீட்டரில் பரவுகிறது. அழுத்தம் 500 பாஸ்கலாக இறங்கிவிட்டது. ஒரே ஒரு தலையணை செய்த வேலை இது. ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மும்பைச் செவிலியர்கள் 37 ஆண்டுகள் பகலிரவாகச் செய்த இந்த வேலையின் பலன்தான் புண்ணில்லாத அந்தத் தோல்.

நுரையீரலும் இரத்தமும்

நாம் நடக்கிறோம், பேசுகிறோம், இருமுகிறோம். ஒவ்வொன்றும் நுரையீரலைச் சுத்தம் செய்கிறது. அசையாமல் படுத்திருப்பவரின் நுரையீரலில் சளி புவியீர்ப்பால் அடியில் தேங்கும். தேங்கிய சளி கிருமிகளுக்கு நல்ல இடம். உமிழ்நீரையும் உணவையும் சரியாக விழுங்க முடியாமல் அவை மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆபத்து இன்னும் அதிகம்.

காலில் இருக்கும் இரத்தம் இதயத்துக்கு மேலேறி வரக் கெண்டைக்கால் தசை உதவுகிறது. நாம் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளும். தசை அசையவில்லை என்றால் இரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

சிகிச்சையாளர் என்ன செய்கிறார்?

இனி இயன்முறை சிகிச்சையாளரின் வேலையைப் பார்ப்போம்.

முதலில் அவர் நோயாளியின் பெயரைச் சொல்லி அழைத்து, தான் யார், என்ன செய்யப் போகிறேன் என்று சொல்கிறார். பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக அசைக்கிறார். வேகமாக அசைத்தால் நாம் முன்பு பார்த்த அனிச்சைச் செயல் தூண்டப்பட்டு, தசை இன்னும் இறுகும். மெதுவாக அசைத்தால் இறுக்கம் குறையும். அதனால்தான் உறவினர்கள் பாசத்தில் மூடிய விரல்களை வெடுக்கென்று பிரிக்கக் கூடாது.

இங்கே அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஒரு நாளில் சில நிமிடங்கள் தசையை நீட்டிவிட்டால் மூட்டு இறுகாது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2017-இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தபோது, நீட்டுவதால் மட்டும் மூட்டின் அசைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. யோசித்தால் இது புரியும். அரை மணி நேரம் நீட்டிவிட்டு மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் கை மடங்கியே கிடந்தால், தசை எதற்குப் பழகும்? அதனால் இன்று சிகிச்சையாளர்கள் 24 மணி நேரமும் உடல் எப்படி இருக்கிறது என்று திட்டமிடுகிறார்கள். எந்தப் பக்கம் படுப்பது, தலையணை எங்கே வைப்பது, எத்தனை மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது, கைக்கு எந்தத் தாங்குபட்டை போடுவது என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில் வரும். இறுக்கம் அதிகமானால் மருத்துவர் ஊசி மருந்து போட்டுத் தசையைத் தளர்த்துவார். படிப்படியாக மாற்றும் மாவுக்கட்டும் உண்டு.

நெஞ்சுக்கு, பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, அதிர்வு கொடுத்து, சளியை மேலே கொண்டுவந்து குழாயால் உறிஞ்சி எடுக்கிறார்கள்.

அடுத்தது சாய்வு மேசை. நோயாளியைப் படுக்க வைத்து, நெஞ்சு, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் பட்டை கட்டி, மேசையை மெல்ல மெல்ல நிமிர்த்துவார்கள். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. நம் உடல் நொடியில் சமாளித்துவிடும். வாரக்கணக்கில் படுத்திருந்தவருக்குச் சட்டென்று இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு படியிலும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நிமிர்த்துகிறார்கள். நிற்கும்போது உடல் எடை எலும்பில் இறங்குகிறது, கெண்டைக்கால் தசை நீள்கிறது, நுரையீரல் நன்றாக விரிகிறது. நிமிர்ந்த நிலையில் சிலருடைய கண்கள் அகலத் திறந்து, படுத்திருந்தபோது காட்டாத விழிப்பைக் காட்டுகின்றன.

உடலிடம் கேட்கும் கேள்வி

கடைசியாகச் சொன்னது முக்கியமானது. உடலைக் காப்பது ஒரு வேலை என்றால், உணர்வு திரும்புகிறதா என்று கவனிப்பது அதே அளவு பெரிய இன்னொரு வேலை. நோயாளியின் உடலைத் தொட்டு, அசைத்து, நாள்தோறும் பக்கத்தில் இருப்பதால் சிகிச்சையாளர் சிறிய மாற்றத்தையும் பார்க்க முடிகிறது.

ஆனால் பார்ப்பது எளிதல்ல. "என் கையை இறுக்கிப் பிடிச்சார்" என்று மனைவி மகிழ்ச்சியோடு சொல்வார். உள்ளங்கையில் எதையாவது வைத்தால் கைக்குழந்தை பிடித்துக்கொள்ளுமே, அதே அனிச்சைச் செயல் மூளைக் காயத்திலும் வரலாம். எனவே "கையைப் பிடியுங்கள்" என்று சொன்னால் பிடிக்கிறாரா, "விடுங்கள்" என்றால் விடுகிறாரா, திரும்பவும் கேட்டால் திரும்பவும் செய்கிறாரா என்று பல முறை சோதிப்பார்கள். கண் எதையாவது தொடர்கிறதா என்று பார்க்கச் சாதாரணக் கண்ணாடி ஒன்றை முகத்துக்கு முன்னே மெதுவாக நகர்த்துவார்கள். வேறு எந்தப் பொருளையும்விடத் தன் முகத்தைத்தான் நோயாளிகள் அதிகம் தொடர்கிறார்கள் என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தவறு எவ்வளவு எளிதாக நேரும் என்பதற்கு 1996-ஆம் ஆண்டு லண்டன் ஆய்வு ஒன்று சாட்சி. உணர்வே இல்லை என்று அனுப்பப்பட்ட 40 பேரைப் பொறுமையாகப் பரிசோதித்தபோது, 17 பேருக்கு உணர்வு இருந்தது தெரியவந்தது. அவர்களில் பலருக்குப் பார்வையே போயிருந்தது. பார்வை இல்லாதவர் கண்ணால் எப்படித் தொடர்வார்? உடல் இறுகிக் கிடப்பவர் கையை எப்படி உயர்த்துவார்? உடலைக் காத்து வைத்தால்தான் உள்ளே இருக்கும் உணர்வு வெளியே தெரிய ஒரு வழி மிஞ்சும்.

2006-இல் ஏட்ரியன் ஓவன் என்ற அறிவியலாளர் குழு, விபத்தில் மூளை காயப்பட்டு எந்தப் பதிலும் காட்டாத 23 வயதுப் பெண் ஒருவரை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, "டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்று சொன்னது. நலமாக இருப்பவர்களின் மூளையில் எந்தப் பகுதி செயல்படுமோ, அதே பகுதி அவர் மூளையிலும் செயல்பட்டது. 2024-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சொன்னதற்கு உடலால் எந்தப் பதிலும் காட்டாத 241 பேரைச் சோதித்தார்கள். 60 பேரின் மூளை பதில் சொன்னது. நான்கில் ஒருவர்.

அருணாவின் வழக்கிலும் இந்தச் சிக்கல் இருந்தது. அவர் முகபாவத்தாலும் ஒலிகளாலும் பதில் தருகிறார் என்று மருத்துவமனையின் தலைமை மருத்துவர் நீதிமன்றத்தில் சொன்னார். 3 மருத்துவர்கள் குழுவோ, நிரந்தரமாக உணர்வற்ற நிலைக்கான பெரும்பாலான அளவுகோல்கள் அவருக்குப் பொருந்துகின்றன என்றது. ஒரே மனிதரைப் பார்த்தவர்களே வேறு வேறாகச் சொல்லும் அளவுக்கு இது கடினம்.

இந்தச் சிகிச்சையால் முடியாதது

மூட்டை அசைப்பதாலோ நிற்க வைப்பதாலோ அறுந்த நரம்பிழைகள் ஒட்டிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. உணர்வு திரும்புவது பெரும்பாலும் காயத்தின் தன்மையைப் பொறுத்தது. ஆக்சிஜன் தடைப்பட்டு வந்த காயத்தைவிட, அடிபட்டு வந்த காயத்தில் மீள வாய்ப்பு அதிகம்; காத்திருக்க வேண்டிய காலமும் அதிகம். 2018-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் 'நிரந்தர' என்ற சொல்லைக் கைவிட்டு 'நாட்பட்ட' என்ற சொல்லுக்கு மாறினார்கள். சிலர் தாமதமாகவும் முன்னேறுகிறார்கள் என்பதே காரணம். ஆகவே "இத்தனை முறை செய்தால் எழுப்பிவிடலாம்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். "இனி எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்பதும் சரியல்ல.

நம் பேராக்கில்

மலேசியாவில் 2019-இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 6,167 பேர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். உயிர் பிழைத்தும் மூளை காயப்பட்டவர்கள் அந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். பாகான் டத்தோவில் செம்பனைத் தோட்டச் சாலையிலும் தென்னந்தோப்பு வழியிலும் "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று தலைக்கவசம் இல்லாமல் போகும் மாணவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். சாலைக்குத் தூரம் தெரியாது. கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பகுதி நசுங்கும்போது, தலை நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது. மோதும் விசை குறைகிறது. உந்தமாற்றப் பாடத்தின் மிக உபயோகமான எடுத்துக்காட்டு அதுதான்.

தலையில் பலத்த காயம் என்றால் இங்கிருந்து தெலுக் இந்தான் மருத்துவமனைக்கும், அங்கிருந்து மூளை அறுவைச் சிகிச்சைக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கும் போக வேண்டி வரும். வேலைக்குப் போய்வரும் வழியில் விபத்து நடந்திருந்தால், சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோவின் பாதுகாப்பு உண்டு. மறுவாழ்வு மையங்களும் அதற்கு உண்டு. ஆனால் மாதங்கள் போனபின் பலர் வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள். அப்போது அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை இருக்கிறதா என்று குடும்பத்தார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சையாளர் வராத நாள்களில் புரட்டிப் படுக்க வைப்பதும், கையைத் தலையணையில் சரியாக வைப்பதும் அம்மா, அக்கா, தம்பியின் வேலையாகிறது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் சிகிச்சையாளரின் கடமைதான்.

நீங்கள் பார்க்கப் போகும்போது

உங்கள் உறவினரோ பக்கத்து வீட்டு அண்ணனோ இந்த நிலையில் இருந்தால், பயந்து ஒதுங்காதீர்கள். இவற்றை நினைவில் வையுங்கள்.

1. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவர் பெயரையோ முறையையோ சொல்லி அழையுங்கள். "அண்ணா, நான் வந்திருக்கேன்" என்று நீங்கள் யார் என்பதைச் சொல்லுங்கள்.

2. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். ஏதாவது கேட்டால் குறைந்தது 10 விநாடி காத்திருங்கள். காயப்பட்ட மூளைக்கு நேரம் வேண்டும்.

3. அவர் காதுபட "இவருக்கு ஒன்னும் தெரியாது" என்று சொல்லாதீர்கள். நான்கில் ஒருவர் என்ற கணக்கை மறந்துவிடாதீர்கள்.

4. மடங்கிய கையை இழுக்காதீர்கள். எப்படித் தொடலாம் என்று சிகிச்சையாளரிடமோ வீட்டாரிடமோ கேளுங்கள்.

5. ஏதாவது புதிய அசைவைப் பார்த்தால், எப்போது, என்ன சொன்னபோது, எத்தனை முறை என்று எழுதி வைத்துச் சொல்லுங்கள். அது ஆசையா, அடையாளமா என்பதைச் சிகிச்சையாளர் சோதித்துப் பார்ப்பார்.

6. நாள் முழுதும் பார்த்துக்கொள்ளும் அவர் அம்மாவிடமோ மனைவியிடமோ, "நான் அரை மணி நேரம் இருக்கேன், நீங்க சாப்பிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். அந்த உதவியை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

சொற்கள் அறிவோம்

மூளைத்தண்டு: மூளையையும் முதுகுத் தண்டையும் இணைக்கும் பகுதி, விழிப்பு, மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றைக் கவனிப்பது.
மேற்புறணி: மூளையின் வெளி அடுக்கு, அறிதல், நினைவு, மொழி ஆகியவற்றின் இடம்.
அனிச்சைச் செயல்: நாம் நினைக்காமலே உடல் செய்யும் செயல்.
தசைக்கூறு: தசையிழையின் மிகச் சிறிய சுருங்கும் அலகு.
தந்துகி: மிக நுண்ணிய இரத்தக் குழாய்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒருவர் கண் திறந்திருக்கிறார், ஆனால் எதையும் தொடர்ந்து பார்க்கவில்லை. இதை வைத்து அவருக்கு உணர்வில்லை என்று முடிவு செய்யலாமா? காரணம் கூறுக.

2. பக்கவாட்டில் படுத்திருப்பவரின் இடுப்பெலும்பு மெத்தையை 90 நியூட்டன் விசையோடு 60 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அழுத்துகிறது. அழுத்தம் எத்தனை பாஸ்கல்? தந்துகி அழுத்தத்தோடு ஒப்பிடுக.

3. இறுகிய தசையை ஏன் மெதுவாக அசைக்க வேண்டும்? முழங்கால் அனிச்சைச் செயலைக் கொண்டு விளக்குக.